பழைய கணினியின் ஜொய்ஸ்டிக்குக்கு அடாப்டர் செய்கிறீர்களா? டைப்-பி போடுங்கள்

கொமடோர் 64, அமிகா போன்ற பழைய கணினிகளின் ஜொய்ஸ்டிக்கை இப்போதைய கணினியில் மாட்ட அடாப்டர் செய்கிறவர்கள், போர்டில் மைக்ரோ யூஎஸ்பிக்குப் பதிலாக பிரிண்டரில் இருக்கும் சதுர டைப்-பி சொக்கெட்டைப் போடுங்கள். அதன் கால்கள் போர்டைத் துளைத்து மறுபக்கம் போய் சோல்டராவதால் கேபிளை இழுத்தாலும் அசையாது, மைக்ரோவில் பலது மேலோட்டமாக ஒட்டியிருப்பவை, ஒரு நல்ல இழுவைக்கே செப்புத் தடத்தோடு பிய்ந்து வரும், அப்புறம் போர்டே வீண். டைப்-பியின் நான்கு கால்களும் தள்ளித் தள்ளி இருப்பதால் சாதாரண சோல்டர் அயனே போதும். கேபிளுக்கும் அலைய வேண்டாம், மட்டக்களப்பு, கல்முனைக் கணினிக் கடைகளில் பிரிண்டர் கேபிள் என்று கேளுங்கள்.

மெல்லிய பெட்டிக்குள் டைப்-பி அடங்காது. அங்கே டைப்-சி சரி, ஆனால் அதில் கேபிள் இணைப்பை அறிய உதவும் இரண்டு சிசி (CC) கால்களிலிருந்தும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றைத் தரைக்கு (கிரவுண்டுக்கு) இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் இருபக்கமும் சி உள்ள கேபிளில் மின்சாரமே வராது. யூஎஸ்பி கீபோர்டைப் பழைய கணினிக்குக் கொண்டுபோகும் அடாப்டர் என்றால் கதையே வேறு, கீபோர்டின் கேபிளையே அடாப்டரில் செருகுவதால் அதற்கு டைப்-ஏ சொக்கெட்தான்.