கடல் தெரியும் வீடு: கையெழுத்துப் போடும் முன் செய்யும் தவறுகள்

சாவி கைக்கு வந்த அன்று பால்கனியில் நின்று கடலைப் படம் எடுப்பார்கள். சில மாதம் கழித்து அதே பால்கனியில் துருவேறிய ஏசி யூனிட்டைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புவார்கள். கடலோரப் புறநகருக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு கூட்டமும் இதையேதான் செய்கிறது. வாடகை அதிகம், நெரிசல் அதிகம் என்பதெல்லாம் வருவதற்கு முன்பே தெரிந்த சங்கதி. அதை விட்டுவிடுவோம்.

ஞாயிறு மாலையில் வீடு பார்ப்பது

கடற்காற்று பொதுவாக முற்பகலில் எழும்பி, பிற்பகலில் வலுத்து, பொழுது சாய்ந்ததும் ஓய்ந்துவிடும். மாலை நாலு மணிக்குப் பார்க்கிற எந்த வீடும் காற்றோட்டமாகத்தான் தெரியும். அதே வீட்டை இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும், வேலை நாளில் காலை எட்டு மணிக்கு ஒருமுறையும் போய்ப் பாருங்கள். காலையில் போகும்போது அங்கிருந்து அலுவலகம் வரை ஒருதரம் பயணம் செய்தே பார்த்துவிடுங்கள். விடுமுறை நாளில் கரைக்குப் போகும் சாலை உங்கள் தெருதானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆமென்றால் அன்றைக்கு வண்டியை வெளியே எடுக்க முடியாது.

உப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதாமல் விடுவது

எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதில் வாங்காத விஷயம் இதுதான். பணம் போவதும் இதில்தான்.

அலை உடையும் இடத்தில் கிளம்பும் நுண்துளிகள் உப்பைக் காற்றில் ஏற்றிக் கொண்டுவருகின்றன. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டரில் இதன் அளவு மிக அதிகம். படிந்த உப்பு சும்மா கிடப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். மழையே பெய்யாவிட்டாலும் கிரில், கீல், போல்ட் எல்லாம் இரவு முழுக்க ஈரமாகவே இருக்கும்.

பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. மழை படும் பக்கத்தைவிட மழை படாத பக்கம்தான் சீக்கிரம் அரிக்கும், ஏனென்றால் அங்கே உப்பைக் கழுவ எதுவும் இல்லை. 'பாதுகாப்பாக' சன்ஷேடுக்குக் கீழே மாட்டிய அவுட்டோர் யூனிட் முதலில் சாவதும் இதனால்தான். அதன் அலுமினியத் தகடுகளும் செப்புக் குழாயும் தொடும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகும். விரலால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டும். குழாயில் ஊசித்துளை விழுந்தால் குளிர் குறையும். வருகிற ஆள் 'கேஸ் தீர்ந்துவிட்டது' என்று நிரப்பிவிட்டுப் போவார். ஏசி கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்ந்துபோக. அது மூடிய சுற்று. குறைந்தால் கசிவு இருக்கிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் இரண்டாம் முறை நிரப்பக் காசு கொடுக்காதீர்கள்.

மாதம் ஒருமுறை, முதல் வரிசைக் கட்டடமென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெல்லிய தாரையில் யூனிட்டைக் கழுவ வேண்டும். பிரஷர் பம்ப் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். உப்பேறிய நிலத்தடி நீரும் வேண்டாம்; உப்பை உப்பால் கழுவிப் பயனில்லை. நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த நீர் குடிக்கவே நன்றாக இருக்காது, யூனிட்டுக்கும் உகந்ததல்ல.

'எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று காட்டினால் எந்த ரகம் என்று கேளுங்கள். 304 ரகம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விடும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் தாங்கும். காந்தத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ரசீதைத்தான் பார்க்க வேண்டும். பால்கனியின் அடிப்பக்கத்தையும் நிமிர்ந்து பாருங்கள். ஒரு பட்டை மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட் பெயர்ந்ததை மறைத்திருக்கலாம். குச்சியால் தட்டினால் பொக்கென்று ஒலிக்கும்.

இனி ஒப்பந்தம். காலி செய்யும்போது துரு முழுவதும் உங்கள் கணக்கில் ஏறி முன்பணம் கரைகிறது, காரணம் ஒப்பந்தத்தில் 'சேதம்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருப்பதுதான். 'உப்புக்காற்றால் வரும் துருவும் அரிப்பும் இயல்பான தேய்மானம். வாடகைதாரர் பொறுப்பல்ல' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். யூனிட்டைக் கழுவும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். குடிபோகும் நாளே ஒவ்வொரு கீல், கிரில் முனை, குழாய், யூனிட்டின் பின்புறம் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். போனில் வைத்திருந்தால் மட்டும் போதாது.

தரைத்தளத்தில் மழையை மட்டும் கணக்கில் எடுப்பது

வடிகாலின் வாய் கடலிலோ முகத்துவாரத்திலோ இருந்தால், கடல் ஏறும் நேரத்தில் மழைநீர் வெளியேறாது. பல கரைகளில் ஏற்றம் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது உயரும். அன்று பெய்யும் நடுத்தர மழையே வண்டி நிறுத்துமிடத்தை நிரப்பப் போதும். தூணில் பழைய நீர்க்கோடு இருக்கிறதா என்று தேடுங்கள். உப்புநீரில் மூழ்கிய மின்வாகனத்தை இயக்கவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். பேட்டரி பிறகுகூடத் தீப்பிடிக்கலாம்.

வாடகையை மட்டும் பட்ஜெட் போடுவது

பராமரிப்பு, பார்க்கிங், பயணம், மின்சாரம். வாடகையோடு இந்த நான்கையும் சேர்த்த தொகைதான் உண்மையான வாடகை.

'எல்லோருக்கும் புரிந்திருக்கும்' என்று நினைப்பது

ஒரே மாடியில் நான்கு மொழி பேசுகிறவர்கள் இருக்கும் கட்டடத்தில் சண்டை வருவது பெரும்பாலும் பண்பாட்டால் அல்ல, அறிவிப்பால். '04/05 அன்று 10 முதல் 4 வரை தண்ணீர் வராது' என்று ஒட்டினால் சிலருக்கு அது மே 4, சிலருக்கு ஏப்ரல் 5. 10 காலையா இரவா? மாதத்தைப் பெயராலும், நேரத்தை 10:00–16:00 என்றும் எழுதுங்கள். 'அடுத்த வெள்ளி' என்று எழுதவே எழுதாதீர்கள். தொந்தரவு பற்றிப் பேசுவதென்றால் குழுவில் போடாமல் கதவைத் தட்டிப் பேசுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி கெஞ்சலைக்கூடக் கட்டளையாக்கிவிடும்.

பீரோவைச் சுவரோடு ஒட்டி வைப்பது

நாலு விரல் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் பூஞ்சணம் பூக்கும்.