மிரர்லெஸ்ஸா, டிஎஸ்எல்ஆரா? மலையகத்தில் கமரா வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவிழாக் காலம் தொடங்கினால் யாராவது ஒரு தம்பி போன் எடுப்பான். "அண்ணே, மிரர்லெஸ் எடுக்கவா, டிஎஸ்எல்ஆர் எடுக்கவா?" டிஎஸ்எல்ஆர் என்றால் உள்ளே இருக்கிற ஒரு கண்ணாடி காட்சியை நேரே நம் கண்ணுக்குக் காட்டும் கமரா; மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை, சின்னத் திரையில்தான் பார்ப்போம். அட்டன் பக்கத்துத் தோட்டங்களில் கோயில், கல்யாணம் என்று கொஞ்ச காலமாகப் படம் எடுத்துக்கொண்டிருப்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த லென்ஸ் போடப்போற?" பெரும்பாலும் அந்தப் பக்கம் சத்தம் இருக்காது.

தவறு அங்கேதான் தொடங்குகிறது. இருக்கிற காசையெல்லாம் பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத கமராவுக்கு, கொட்டிவிட்டு, கூட வரும் சாதாரண கிட் லென்ஸோடு இருட்டுக் கோயிலுக்குள் போய் நிற்பது. கிட் லென்ஸை ஸூம் பண்ணினால் எஃப் 5.6; இந்த எண் சின்னதானால் வெளிச்சம் கூடும். சாதாரண 50 எம்எம் லென்ஸ் ஒன்று எஃப் 1.8 தரும், கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். படம் பதிகிற சென்சர் ஒரே அளவு என்றால், கண்ணாடி இருக்கிற கமராவுக்கும் இல்லாத கமராவுக்கும் படத்தில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இராது. லென்ஸ் அப்படியில்லை.

லென்ஸ் என்றதும், அதைக் கமராவில் மாட்டுகிற வாயான மவுண்டையும் பார்க்க வேண்டும். கெனன் எம்50 நல்ல மிரர்லெஸ் கமராதான். ஆனால் அதன் இஎஃப்-எம் மவுண்டை 2012இல் கொண்டுவந்த கெனன், 2023இல் நிறுத்திவிட்டது. அந்த லென்ஸ்கள் கெனனின் புதிய மிரர்லெஸ் மவுண்டான ஆர்எஃப் பாடியில் ஏறாது. அதே கெனனின் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களோ, இடையில் அடாப்டர் என்ற இணைப்பு வளையம் போட்டால் ஆர்எஃப்பில் நன்றாகவே வேலை செய்யும். பழசு என்று ஒதுக்கிய சாமானுக்குத்தான் மேலே போக வழி இருக்கிறது, பாருங்கள். நிக்கோனில் வேறு சிக்கல். மலிவாகக் கிடைக்கிறதே என்று மோட்டார் இல்லாத பழைய டி வகை லென்ஸை வாங்கி டி3500 என்ற டிஎஸ்எல்ஆரில் மாட்டினால், ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். நிக்கோனின் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இசட் மிரர்லெஸ் பாடியில் மாட்டினாலும் அதே கதை.

"மிரர்லெஸ் பாரமே இல்லை" என்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பெட்டரி, கார்டோடு டி3500 415 கிராம். எம்50 சுமார் 390. வித்தியாசம் ஒரு சின்னப் பக்கெட் தேயிலை. பெட்டரியில்தான் வித்தியாசம் பெரியது: ஒரே தர அளவீட்டில், ஒரு முறை சார்ஜ் பண்ணினால் டி3500க்கு 1,550 படம், எம்50க்கு 235. நல்லதண்ணி வழியாக ராத்திரி சிவனொளிபாதமலை ஏறி, சூரியன் வரும்வரை குளிரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது விளையாட்டில்லை. குளிரில் பெட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும். மிரர்லெஸ் விலையோடு இரண்டு உபரி பெட்டரி விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மேலே ஏறும்போது அவை ஸ்வெட்டருக்கு உள்ளே இருக்கட்டும்.

சரி, மிரர்லெஸ்ஸுக்கு நான் ஓட்டுப் போடும் இடம் ஒன்று உண்டு: பனிமூட்டம். நானுஓயா ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நிற்கிறீர்கள், தண்டவாளத்துக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. கமராவின் மீட்டர் அந்த வெள்ளையைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். பனி அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் அது தெரியாது. எடுத்த பிறகு திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வீர்கள், அதற்குள் ரயில் போயிருக்கும். மிரர்லெஸ்ஸில் கண்ணை வைத்ததுமே சாம்பல் தெரிகிறது, படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரைப் பிளஸ் ஒன்றுக்குத் திருப்பினால் பனி வெள்ளையாகிறது. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் பனியைக் கண்டால் கேட்காமலே பிளஸ் ஒன்று வைத்துவிடுங்கள். ஃபோகஸ் மட்டும் இரண்டிலும் தடுமாறும். வெறும் பனியைக் குறிவைக்காமல் தண்டவாள ஓரம், மரக்கிளை என்று கோடு தெரிகிற எதையாவது பிடியுங்கள்.

மிரர்லெஸ்ஸில் சத்தமே வராத ஷட்டர் இருக்கிறது என்பதற்காக அதைக் கோயிலுக்குள் போட்டுவிடாதீர்கள். ஒரு தேர்த் திருவிழாவில் நான் போட்டேன். எல்ஈடி சீரியல் பல்புக்குக் கீழே எடுத்த படங்களில் பாதி, வரிவரியாகக் கோடு விழுந்து போனது. சாமி முகத்திலும் கோடு. பூசாரி ஐயாவிடம் என்ன சொல்வது? அன்றிலிருந்து பல்பு வெளிச்சத்தில் சாதாரண ஷட்டர்தான்.

தூறலில் லென்ஸ் மாற்றுவது எதிலும் கூடாது, மிரர்லெஸ்ஸில் அறவே கூடாது; பலவற்றில் லென்ஸைக் கழற்றியதும் சென்சர் திறந்துகிடக்கும்.

கை இறுக்கமானவர்களுக்கு என் யோசனை, பாவித்த டிஎஸ்எல்ஆரும் ஒரு 50 எம்எம் லென்ஸும். வாங்கும்போது லென்ஸின் ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் தெரிந்தால் பங்கஸ். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நம் காம்பராக்களின் ஈரத்துக்கு நல்ல லென்ஸிலேயே அது வரும். தோல் பையில் போட்டு அலுமாரிக்குள் பூட்டி வைப்பது அதற்கு வீடு கட்டிக் கொடுக்கிற மாதிரி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அது நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போடுங்கள். சிலர் அரிசி போடுகிறார்கள். அந்த மாவுத் தூள் ஃபோகஸ் வளையத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அரிசியைச் சோறாக்குங்கள்.