தேடலுக்கு டெஸ்ட் எழுதும்போது

தேடல் எஞ்சினான எலாஸ்டிக்சர்ச்சை மாக் பண்ணாதீர்கள், அதாவது அதன் இடத்தில் ஒரு போலியை வைக்காதீர்கள். மேப்பிங் (எந்தப் புலம் எந்த வகை என்ற வரையறை), அனலைசர் (உரையைத் தேடத்தக்க சொற்களாகப் பிரிப்பது) எல்லாம் அதற்குள்தானே இருக்கின்றன, போலியை வைத்து எதைச் சோதிப்பது? டெஸ்ட்கன்டெய்னர்ஸ் (டெஸ்டுக்காக டாக்கர் கன்டெய்னர்களை எழுப்பித் தரும் நூலகம்) மூலம், புரொடக்‌ஷனில் ஓடும் அதே வெர்ஷனை டாக்கரில் எழுப்புங்கள்.

நான் முதலில் எழுதுவது அனலைசருக்கான டெஸ்ட். எங்கள் மளிகை ஆப்பில் 'கொத்தமல்லி' என்று தேடுவார்கள். அந்தக் 'கொ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஸ்டாண்டர்ட் அனலைசருக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். இப்படிப்பட்ட வெவ்வேறு யூனிகோட் வடிவங்களை ஒன்றாக்கும் ஐசியு நார்மலைசரைச் சேர்த்துவிட்டு, இரு வடிவங்களையும் அனலைஸ் ஏபிஐக்கு (அனலைசர் உரையை எப்படிப் பிரிக்கிறது என்று காட்டுவது) அனுப்பி, ஒரே டோக்கன், அதாவது ஒரே சொல் வருகிறதா பாருங்கள். டெஸ்ட் கோடில் யூனிகோட் எண்களாகவே எழுதுங்கள். எடிட்டர் சத்தமில்லாமல் இரண்டையும் ஒன்றாக்கிவிடக்கூடும்.

அடுத்து குவெரி. பத்துப் பன்னிரண்டு ஆவணங்கள் போதும். ஏற்றியதும் ரிஃப்ரெஷ் கொடுங்கள், அதன்பிறகே அவை தேடலில் தெரியும்; இல்லையென்றால் ஒருநாள் பாஸ், மறுநாள் ஃபெயில். (சில நொடி காத்திருக்க வைக்கும் ஸ்லீப் போட்டுச் சமாளிப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது.) ஷார்டு (இன்டெக்ஸ் பிரிக்கப்படும் துண்டு) ஒன்றே இருக்கட்டும். சொல்லின் அரிதுத்தன்மை ஷார்டுக்கு ஷார்டு தனியாகக் கணக்கிடப்படுவதால் சிறு தரவில் வரிசை புரளும். ஸ்கோர் (பொருத்தத்தின் மதிப்பெண்) இவ்வளவுதான் என்று அசெர்ட் செய்யவே வேண்டாம்: 'தனியா' என்று தேடினால் கொத்தமல்லி விதை, தழைக்கு மேலே வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.