பூனைக் கடிதானே என்று விடாதீர்கள்

நாய் கடித்தால் பதறுகிறோம், வீட்டுப் பூனை கடித்தால் "செல்லமா கடிச்சுது" என்று துடைத்துவிட்டுப் போகிறோம். ஆனால் சீழ் பிடிக்கிற விஷயத்தில் பூனைதான் மோசம்: அதன் பல் ஊசி மாதிரி, வெளியே புள்ளி அளவு துளைதான் தெரியும், உள்ளே மூட்டு வரைக்கும் இறங்கி பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியாவை விட்டுவிட்டு வரும், மேலே தோல் மூடிக்கொள்ளும். சீழ் பிடித்தால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிவந்து வீங்கி வலி தெறிக்கும்.

உடனே குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், நமக்கு 2 நிமிடமே 15 மாதிரி தோன்றும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அப்புறம், வீங்கட்டும் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள், கையில் கடி என்றால் கட்டாயம். டெட்டனஸ், ரேபிஸ் ஊசிகளையும் அப்போதே கேட்டுவிடலாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்காதீர்கள், எல்லா மாத்திரைக்கும் இந்தக் கிருமி அடங்காது.

மண்ணீரலை எடுத்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் இன்னும் உஷார், பூனையிடம் மட்டுமல்ல, நாயிடமும். கேப்னோசைட்டோஃபேகா என்று நாயின் வாயில் சாதாரணமாகவே இருக்கும் ஒரு கிருமி, நாய் புண்ணை நக்கினால்கூட இவர்கள் ரத்தத்தில் கலந்து, வெறும் காய்ச்சலாகத் தொடங்கி ஐசியூ வரை கொண்டுபோய்விடும்.