நாலு பேருக்கு மூன்று தூண்டில்: முதன்முறை படகில் போகிறவர்களுக்கு

கொழும்பில் சின்னப் படகில் கடலுக்குப் போகத் தோதான காலம் நவம்பர் கடைசியில் இருந்து ஏப்ரல் முற்பகுதி வரைதான். மே மாதம் தென்மேல் பருவக்காற்று எழும்பிவிட்டால் செப்டம்பர் வரை யோசிக்கவே வேண்டாம். நல்ல மாதம் என்றாலும், முதல்நாள் இரவு வளிமண்டலவியல் திணைக்களம் மீனவர்களுக்குச் சொல்லும் அறிவித்தலைப் பாருங்கள். எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று படகில் கால் வைக்க முன்பே பார்த்துவிடுங்கள்.

நான் கொட்டாஞ்சேனைக்காரன். அக்காவின் பிள்ளைகளையும் அவர்களின் கூட்டாளிகளையும் முகத்துவாரத்தில் இருந்து படகில் கூட்டிப் போவது என் வழக்கம். கரையிலேயே அவர்களிடம் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவேன்: நாலு பேர் போனால் தூண்டில் மூன்றுதான்.

நாலாவது ஆளுக்குத்தான் வேலை அதிகம். கணவாயையும் சாளையையும் இரைக்கு அளவாக வெட்டுவது, காலடியில் தங்கூசி (தூண்டிலின் நைலோன் நூல்) சிக்காமல் பார்ப்பது, மீன் மேலே வரும்போது அதைக் கோரி எடுக்கும் கைவலையான அத்தாங்கைப் பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். தூண்டில் இல்லாமல் இருந்த பிள்ளை மற்ற மூன்று பேரின் கையைப் பார்த்தே பாதித் தொழிலைப் படித்துவிடும். இந்த முறையில் எனக்கும் விலக்கு இல்லை.

கம்பு இல்லாமல் நூலைக் கையிலேயே பிடிக்கும் கைத்தூண்டிலுக்குத் தங்கூசி 0.7 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். மெல்லியது விரலை அறுக்கும். சுட்டுவிரலில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். நூலில் கட்டிய ஈயத்தைக் கடலின் அடிவரை விடுங்கள். தரை தட்டியதும் நூல் தொய்யும். அங்கிருந்து ஒரு முழம் தூக்கி, நூலை விரலில் போட்டபடி இருங்கள். சின்னச் சின்னதாகக் கொத்துவது தெரியும். உடனே இழுத்தால் இரைதான் போகும். கொத்தட்டும், விடுங்கள். நூல் கனத்து ஒரு பக்கம் நகரும்போது ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். இடையில் இருக்கும் அந்தச் சில விநாடிகளைப் பழகச் சிலருக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போகும். பக்கத்தில் இருப்பவர் "இழு, இழு" என்று கத்தவே கூடாது. கொத்து தெரிவது நூல் பிடித்தவரின் விரலுக்குத்தான்.

ஒருவருக்குப் பெரிய மீன் பட்டால் "சுருட்டு!" என்று ஒரே குரல். மற்ற எல்லா நூலும் உடனே மேலே வர வேண்டும். பாரை மாதிரி மீன் படகுக்கு அடியால் சுற்றி ஓடும்; ஒரு நூல் கிடந்தாலும் அதையும் சேர்த்துச் சிக்காக்கிவிடும். ஒரு தடவை மூத்தவனுக்குப் பாரை பட்ட நேரம், சின்னவனின் தூண்டிலிலும் அன்றைக்கு முதல்தடவையாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. "மாமா, எனக்கும் கொத்துது" என்றான். குரல் உடைந்தது. ஆனாலும் கை சுருட்டிக்கொண்டே இருந்தது. அத்தாங்கைப் பிடிக்கவும் அவன்தான் ஓடி வந்தான். எனக்கு அவனை அப்படியே தூக்கிக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது.

நூல் சிக்கினால் இழுக்காதீர்கள். முதலில் தூண்டில் முள்ளை வெட்டி எடுங்கள். அப்புறம் ஒருவர் தளர்த்திப் பிடிக்க, மற்றவர் முனையைப் பின்னால் எடுத்து வர வேண்டும். கெளிறு வந்தால் படகுக்காரரைத் தவிர யாரும் தொடக்கூடாது, அதன் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூடுள்ள தண்ணீரில் அரை மணிக்கு மேல் கையை வைத்திருங்கள். நோவு குறையும். கரைக்கு வந்ததும் டொக்டரிடம் காட்டுங்கள். பிளேன்டீ பிளாஸ்க்கோடு வெறும் சுடுதண்ணீர் பிளாஸ்க் ஒன்றும் கொண்டு போவது இதற்காகத்தான்.

மீன் படாவிட்டால் பத்து நிமிடத்தில் "வேறு இடம் போவோம்" என்று ஒருவர் தொடங்குவார். ஒரு இடத்துக்குக் குறைந்தது அரை மணி கொடுங்கள். எப்போது நங்கூரம் தூக்குவது என்பதைப் படகுக்காரரிடம் விட்டுவிடுங்கள். நீரோட்டம் அவருக்குத் தெரியும்.

பட்ட மீனெல்லாம் ஒரே ரெஜிபோம் பெட்டியில், ஐஸுக்குள். யாருடையது என்று பிரித்து வைக்க வேண்டாம். கரைக்கு வந்து கூறு போடுங்கள். ஒருவர் முதுகைத் திருப்பி நின்று, மற்றவர் ஒவ்வொரு கூறாகக் காட்டி "இது யாருக்கு?" என்று கேட்கக் கேட்கப் பெயர் சொல்லட்டும். கூலி கொடுத்திருந்தாலும், படகுக்காரரின் கூறை முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும்.