டங்ஸ்டன் சுவரை ஹைட்ரஜன் கடக்கும் நேரத்தைக் கையால் கணக்கிடும் முறை

கூடங்குளத்தில் இயங்குவது அணுக்கருப் பிளவு உலை. அங்கே எரிபொருள் குழாயின் சிர்கோனியக் கலவை ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்குதன்மை பெறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அணுக்கரு இணைவு உலையிலோ ஹைட்ரஜனின் ஐசோடோப்புகளே எரிபொருள் என்பதால், சுவருக்குள் புகுந்த டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பு) எரிபொருள் இழப்பாகவும் கதிரியக்கச் சுமையாகவும் ஆகிறது. பன்னாட்டு இணைவு உலைத் திட்டமான ஐட்டர் 2023-இல் பிளாஸ்மாவை (மிகுவெப்ப அயனி வாயுவை) நேரே எதிர்கொள்ளும் முதற்சுவருக்குப் பெரிலியத்தை விட்டு டங்ஸ்டனுக்கு மாறியதில் இந்தக் கவலைக்கும் பங்குண்டு. பாளையங்கோட்டையிலும் அபிஷேகப்பட்டியிலும் இயற்பியல் படித்து இத்துறையில் ப்ராஜெக்ட் செய்ய விரும்பும் மாணவர், பெரிய மென்பொருளைத் திறக்கும் முன் கீழ்க்காணும் கணக்கை ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் வெப்பநிலையைக் கெல்வினில் எழுதிக்கொண்டு, அதைப் போல்ட்ஸ்மன் மாறிலியால், அதாவது கெல்வினுக்கு 8.617×10⁻⁵ எலக்ட்ரான் வோல்ட்டால் பெருக்கவும். 500 டிகிரி செல்சியஸ், அதாவது 773 கெல்வினுக்கு விடை 0.0666. டங்ஸ்டனில் ஹைட்ரஜன் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவத் தேவையான ஆற்றல், ஃப்ராவன்ஃபெல்டர் 1969-இல் வெளியிட்ட அளவீட்டின்படி 0.39 எலக்ட்ரான் வோல்ட். இதை 0.0666 ஆல் வகுத்து, விடைக்கு மைனஸ் குறி இட்டு, இயற்கை அடுக்குப் பொத்தானை (eˣ) அழுத்தினால் 0.00286 கிடைக்கும். அதை அதே அளவீடு தரும் மாறிலியான 4.1×10⁻⁷ ஆல் பெருக்கினால், ஹைட்ரஜன் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதைக் காட்டும் விரவல் கெழு நொடிக்கு ஏறத்தாழ 1.2×10⁻⁹ சதுர மீட்டர் என வரும்.

அடுத்து, சுவரின் தடிமனை மீட்டரில் எழுதி வர்க்கப்படுத்தி, விரவல் கெழுவின் 6 மடங்கால் வகுக்கவும். ஒரு சென்டிமீட்டர் சுவரில் ஹைட்ரஜன் மறுபக்கம் எட்டச் சுமார் 4 மணி நேரம் ஆகிறது. அதே சுவர் 27 டிகிரியில் இருந்தால் நான்கரை ஆண்டு ஆகிறது. வெப்பநிலையைச் செல்சியஸிலேயே விட்டுவிட்டால் விடை பல மடங்கு பிசகிவிடும் என்பதால், இந்த இடத்தில் இரண்டாம் முறை சரிபார்க்கத் தயங்க வேண்டாம்.

ஆனால் இந்த 4 மணி நேரம் குறையற்ற படிகத்துக்கே பொருந்தும் என்பதையே நான் மிகவும் வலியுறுத்துவேன். இணைவு வினையில் பிறக்கும் 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்கள் அணுக்களை இடம்பெயரச் செய்து காலியிடங்களை உண்டாக்குகின்றன. அவை ஹைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ட்ராப்புகள். பாளையங்கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டாலும் வழியிலுள்ள குளங்கள் பெருகிய பிறகே கடைமடைக்கு எட்டுவது போல, ட்ராப்புகள் உள்ள உலோகத்திலும் வரவு தாமதமாகிறது.

அத்தாமதத்தையும் கணக்கிடலாம். ஒரு லட்சம் டங்ஸ்டன் அணுவுக்கு ஒரு ட்ராப் என்றும், அதன் பிணைப்பு ஆற்றல் 1 எலக்ட்ரான் வோல்ட் என்றும், ட்ராப்புகள் நிரம்பாத அளவுக்கே ஹைட்ரஜன் உள்ளது என்றும் கொள்வோம். 1-ஐ 0.0666 ஆல் வகுத்து இயற்கை அடுக்கு எடுத்தால் சுமார் 33 லட்சம் வரும். அதை ட்ராப்பின் விகிதத்தால் பெருக்கி, ஒரு டங்ஸ்டன் அணுவுக்கு ஹைட்ரஜன் அமரக்கூடிய இடைவெளிகள் 6 என்பதால் 6 ஆல் வகுத்து, 1-ஐக் கூட்டினால் 6.5 கிடைக்கிறது. நேரம் அத்தனை மடங்காகி ஒரு நாளைத் தாண்டிவிடுகிறது. ட்ராப்பின் அடர்த்தியைப் பத்து மடங்காக்கி மீண்டும் போட்டுப் பாருங்கள். வெளியேற்றம் தாமதப்படுவது நன்மைபோலத் தோன்றினாலும், அத்தனை டிரிட்டியமும் சுவருக்குள்ளேயே தங்குகிறது என்பது அப்போது புலப்படும்.

டிரிட்டியத்துக்கு நிறை அதிகம் என்பதால் விரவல் கெழுவை 3-இன் வர்க்கமூலத்தால் வகுப்பது வழக்கம். 4 மணி நேரம் ஏறத்தாழ 7 ஆகும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 9 சதவீதக் குரோமிய எஃகுக்கும் முறை இதுவே. எண்களை மட்டும் அந்த எஃகின் அளவீடுகளிலிருந்து எடுக்க வேண்டும். எஃகின் ஒரு பக்கம் வாயு அழுத்தம் நூறு மடங்கானால், கரையும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும் என்னும் சீவர்ட்ஸ் விதிப்படி கடந்துவரும் அளவு பத்து மடங்கே கூடும். பிளாஸ்மாவை எதிர்கொள்ளும் டங்ஸ்டனுக்கு இவ்விதியை அப்படியே பொருத்தக் கூடாது. அயனிகள் அங்கே வேகத்தோடு உள்ளே பாய்ச்சப்படுகின்றன.