பாண்டாக்ல ஸ்லைடு எக்ஸ்போர்ட் பண்றப்ப கூடுதல் மெட்டாடேட்டா சேர்க்கிறது எப்படி

மார்க்டவுன்ல (சின்னச் சின்னக் குறிகள வச்சு எழுதுற சாதா டெக்ஸ்ட் ஃபைல்) எழுதி, ஒரு ஃபார்மேட்ட இன்னொண்ணா மாத்துற பாண்டாக் கருவி வழியா ஸ்லைடு எடுக்கிறவங்க நிறைய பேரு தலைப்பு, பேரு, தேதி இந்த மூணோட நிறுத்திக்கிறாங்க, பாடத்தோட குறியீடு, எந்த வகுப்பு, எத்தனாவது வெர்ஷன் எல்லாம் எக்ஸ்போர்ட் ஆனப்புறம் கையால ஸ்லைடுல டைப் பண்றாங்க. அடுத்த தடவ எக்ஸ்போர்ட் பண்ணா அத்தனையும் போயிடும். அந்த மாதிரி ஃபைலப் பத்தின தகவல், அதாவது மெட்டாடேட்டா, மார்க்டவுன் ஃபைல்லயேதான் இருக்கணும்.

ஃபைலோட உச்சியில மூணு ஹைஃபன் போட்டு ஆரம்பிச்சு மூணு ஹைஃபன்லயே முடியுற யாமல் (YAML, பேரும் மதிப்புமா தகவல எழுதுற முறை) பிளாக் இருக்கும்ல, அதுக்குள்ள வரிக்கு ஒண்ணா நமக்கு வேணுங்கிற பேரு, கோலன், ஒரு ஸ்பேஸ், அப்புறம் மதிப்புன்னு எழுதுங்க. பேர ஆங்கில எழுத்துல ஸ்பேஸ் இல்லாம வச்சுக்கோங்க, மதிப்பு தமிழ்லயே இருக்கலாம். மதிப்புக்கு நடுவுல கோலனும் ஸ்பேஸும் வந்தா, உதாரணத்துக்கு "அலகு 3: மின்சாரம்"னு, கண்டிப்பா மேற்கோள் குறிக்குள்ள போடுங்க, இல்லன்னா யாமல் எரர் அடிச்சு மொத்த எக்ஸ்போர்ட்டும் நின்னுடும்.

பவர்பாயின்ட் ஃபைலா எடுத்தா இதுக்கு மேல பெரிய வேலை இல்ல. சப்ஜெக்ட், கீவேர்ட்ஸ், டிஸ்கிரிப்ஷன், கேட்டகரி எல்லாம் அதோட வழக்கமான ப்ராபர்ட்டீஸ்லயே போய் உக்காந்துக்கும், நீங்களா வச்ச பேரெல்லாம் கஸ்டம் ப்ராபர்ட்டியா சேர்ந்துடும், ஆனா மதிப்பு சாதாரண டெக்ஸ்ட்டா இருக்கணும், லிஸ்ட்டா குடுத்தா அங்க வராது. விண்டோஸ் பவர்பாயின்ட்ல ஃபைல், இன்ஃபோ, ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு ப்ராபர்ட்டீஸ் போய் கஸ்டம் டேப்ல பாருங்க. இது ஸ்லைடு மேல தெரியாது, கண்ணுக்குத் தெரியணும்னா சப்டைட்டில்ல எழுதுறதுதான் சுலபம். ஃபைல வாங்குற எல்லார்கிட்டயும் இந்த உள்தகவலும் சேர்ந்தே போகுது, அதனால ஃபோன் நம்பர் மாதிரி சொந்த விவரம் எதையும் அதுல வைக்காதீங்க.

பிரவுசர்ல ஓடுற ஸ்லைடா எடுக்கிற ரிவீல்ஜேஎஸ்லதான் (revealjs) உண்மையான கஸ்டமைசேஷன். பாண்டாக் கமாண்டுக்கு ஒத்த ஹைஃபனோட பெரிய டி போட்டு, ரிவீல்ஜேஎஸ்னு ஃபார்மேட் பேரக் குடுத்தா அதோட டிஃபால்ட் டெம்ப்ளேட்ட (ஸ்லைடு எப்படி அமையணும்னு சொல்ற அச்சு ஃபைல்) அப்படியே காட்டும், அத ஒரு ஃபைல்ல சேவ் பண்ணிக்கோங்க. அதுல முதல் ஸ்லைடுக்கான செக்‌ஷனத் தேடி, ஆத்தர் பேரு வர்ற வரிக்கு அடுத்து இருக்கிற எண்ட்ஃபார் வரிக்குக் கீழ உங்க வேரியபிள (யாமல்ல நீங்க வச்ச பேர) ரெண்டு டாலர் குறிக்கு நடுவுல வச்சு ஒரு பாராகிராஃப் டேக் சேருங்க. அத சும்மா விடாம இஃப், எண்ட்இஃப் நடுவுல போடுங்க (இந்த ரெண்டையும் டாலர் குறிக்குள்ளதான் எழுதணும்), அப்பதான் அந்த மதிப்பு இல்லாத ஃபைல்ல காலி பாராகிராஃப் வராது. ஹெட் பகுதியில மெட்டா டேக்காவும் வேணும்னா அங்கயும் இதே மாதிரிதான், ஆனா அந்த மதிப்புல போல்டு, இட்டாலிக் எதுவும் வேணாம், எச்டிஎம்எல் டேக் உள்ள புகுந்து கெடுத்துடும்.

எக்ஸ்போர்ட் பண்றப்ப டெம்ப்ளேட் ஆப்ஷன்ல உங்க ஃபைலக் காட்டுங்க. ஒரே ஸ்லைடு ரெண்டு வகுப்புக்குன்னா ஃபைலத் தொடவே வேணாம், கமாண்டுல ஒத்த ஹைஃபனோட பெரிய எம் ஆப்ஷன்ல அந்தப் பேருக்குப் புது மதிப்பக் குடுத்தா போதும், யாமல்ல இருக்கிறத அது ஓவர்ரைடு பண்ணிடும்.

பாண்டாக்க அப்டேட் பண்ணா மட்டும் புது டிஃபால்ட் டெம்ப்ளேட்ட எடுத்து உங்களுதோட டிஃப் போட்டு (ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு ஒப்பிட்டு) பாருங்க, ஏன்னா அவங்க செஞ்ச திருத்தம் உங்க காப்பிக்குத் தானா வராது.